இரண்டு முதுகுகள்

அந்த முதுகு என்னுடையது, சார்.

டிவியில் இப்போது ஓடினானே, மஞ்சள் சட்டை, தக்காளிக் கூடைகளைத் தாண்டித் தாண்டி, அவனைத்தான் சொல்கிறேன். முகத்தைக் காட்டும்போது அது ஹீரோ. முதுகைக் காட்டும்போது நான். டூப். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள், அதனால்தான் சொல்லத் தோன்றியது. தப்பாக நினைக்காதீர்கள். இந்த பஸ்ஸில் இந்தப் படத்தைப் போடுவார்கள் என்று தெரிந்திருந்தால் நான் அடுத்த வண்டிக்கே வந்திருப்பேன்.

பக்கத்தில் நீலச் சட்டையில் ஒருவன் ஓடுகிறான், பார்த்தீர்களா? அந்த முதுகு என் தம்பி. தீனதயாளன். என் கூடப் பிறந்தவன். நான் வேதாசலம். இருபத்தொன்பது வருஷம் சினிமாவில் ஃபைட்டராக இருந்தேன். இப்போது இல்லை. இடுப்பு போய்விட்டது.

படம் முன்னமே பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லையா? பரவாயில்லை, கதை பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணன் போலீஸ், தம்பி ஜேப்படிக்காரன். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஸ்வீட் கடை வைத்திருக்கிற அப்பாவை யாரோ கொன்றுவிடுகிறார்கள். கொன்றது யார் என்று ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பேச மாட்டார்கள். கடையில் வேலை செய்கிற பெரியவரை நடுவில் நிறுத்திக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லுங்க, துப்பாக்கியக் கீழ போடச் சொல்லுங்க" என்பான் ஒருவன். "அவன மொதல்ல என் மேலேருந்து கால எடுக்கச் சொல்லுங்க" என்பான் இன்னொருவன். வில்லனின் ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். தியேட்டரில் அந்த இடத்தில் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

அதையெல்லாம் டைரக்டர் எங்களைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஷூட்டிங்கில் நாங்களும் அப்படித்தான். ஃபைட் மாஸ்டர் நடுவில் நிற்பார். "அண்ணன்கிட்ட சொல்லுங்க மாஸ்டர், இடது கால முதல்ல எடுக்கணும்." மாஸ்டர் என்னைப் பார்ப்பார். எனக்குத்தான் காது இருக்கிறதே. ஆனால் மாஸ்டர் சொன்ன பிறகுதான் காலை எடுப்பேன்.

என் அப்பாவைக் கொன்றதும் ஒருவன்தான், சார். அவனைக் கண்டுபிடிக்க எனக்குப் போலீஸ் வேண்டியிருக்கவில்லை. இதோ, இந்த நீலச் சட்டை.

பதறாதீர்கள். கத்தி, துப்பாக்கி எதுவும் இல்லை. கேஸும் இல்லை, விபத்து என்று எழுதிவிட்டார்கள். ஆனால் நான் கொலை என்றுதான் சொல்வேன். இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு வார்த்தை.

இப்போது அவனைப் பார்க்கத்தான் போகிறேன். பெரம்பலூர். அவன் பொண்டாட்டி ஊர். நுரையீரல் ரெண்டும் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். நேற்று அவன் மகள் அபிராமி போன் செய்தாள். நான் பார்த்தே இராத பொண்ணு. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "அப்பா போன்ல இருந்துச்சு பெரிப்பா. எப்பவும் மொதல் நம்பரா வெச்சிருப்பாரு" என்றாள். "அப்பா உங்களத்தான் கேக்கறாரு. சீக்கிரம் வாங்க" என்றாள்.

சரி, போய் மன்னித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். சாகப் போகிறவனிடம் என்ன வைராக்கியம்? கிளாம்பாக்கத்தில் வண்டி ஏறியதிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். "மன்னிச்சுட்டேன்டா சின்னவனே." அவ்வளவுதான். நாலு தடவை சொன்னால் தொண்டை பழகிவிடும். பெரிய மனுஷன் செய்கிற காரியம்தானே? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சரி, முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உளுந்தூர்ப்பேட்டை இப்போதுதான் தாண்டியிருக்கிறோம். நேரம் இருக்கிறது.

எங்கள் அப்பா பேர் கன்னியப்பன். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சாலிகிராமத்தில் எந்த சினிமாக் கம்பெனியில் கேட்டாலும் அவரைத் தெரியும். உயரத்திலிருந்து குதிக்க வேண்டும் என்றால் நைனாதான். ஐம்பத்தாறு வயதில் நாற்பது அடி குதிப்பார். முட்டி வலி உண்டு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து குதிப்பார்.

குதிக்கிறவன் எதன்மேல் விழுகிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? அந்தக் காலத்தில் காற்றுப் பை எல்லாம் பெரிய படத்துக்குத்தான். எங்களுக்கு அட்டைப்பெட்டி. ஆமாம், சார், பிஸ்கட் வருகிற பெட்டி, சோப்பு வருகிற பெட்டி. மளிகைக்கடை மளிகைக்கடையாகப் போய் வாங்கி வருவோம். அதை வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். மூடியில் டேப் ஒட்டக் கூடாது. ஒட்டினால் உள்ளே இருக்கிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை, பெட்டி கல் மாதிரி நிற்கும். மூடியைச் சும்மா மடித்து வைத்தால், ஆள் விழுந்ததும் முதல் வரிசை நசுங்கும். அது நசுங்கும்போது ஆளின் வேகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அடுத்த வரிசை இன்னும் கொஞ்சம் தின்னும். ஆறாவது வரிசைக்கு வரும்போது ஆள் மெத்தையில் படுத்த மாதிரி இருப்பான். சுற்றிலும் கயிறு கட்டி, மேலே ரெண்டு மெத்தை போடுவோம். இதற்குப் பேர்தான் எங்கள் பாஷையில் பெட்.

அட்டைக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. ஈரம். காய்ந்த அட்டை எதிர்த்து நின்று நசுங்கும். ஈரப்பட்ட அட்டை எதிர்க்காது. விட்டுவிடும். கையில் பிடித்திருந்த ஆள் கையை எடுத்துவிட்ட மாதிரி.

அதனால் நைனாவிடம் ஒரு தார்ப்பாய் இருந்தது. அவர் சொந்தத் தார்ப்பாய். பச்சை. ஒரு தீ ஷாட்டில் ஒரு மூலை பொசுங்கிப்போயிருக்கும். அதன்மேல் பெட்டிகளை வைத்து, மீதியை மேலே போர்த்திக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மழைக்காலம், வெயில்காலம் கணக்கில்லை. ஒருநாள் என் முறை, ஒருநாள் தம்பி முறை. ராஜமாணிக்கம் என்று ஒருத்தர் நைனாவிடம் பத்து வருஷம் இருந்தவர். ஒரே ஒருநாள் போர்த்தாமல் போய்விட்டார். நைனா அவரை எல்லார் முன்னாலும் பெல்ட்டால் அடித்து விரட்டினார். அதோடு அவரை எந்த மாஸ்டரும் கூப்பிடவில்லை. நைனா வேண்டாம் என்றால் லைனில் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். கடைசியில் அவர் பழவண்டி தள்ளினார்.

இன்னொரு சட்டமும் உண்டு. அதைக் கவனமாகக் கேளுங்கள். பெட் போட்டு முடித்ததும், போட்டவன் கீழே நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். "பெட் ரெடி" என்று சொல்லி, தன் பேரையும் சொல்ல வேண்டும். நான் போட்டால், "பெட் ரெடி, வேதாசலம்!" மேலே நிற்கிறவன் அந்தப் பேர் காதில் விழாமல் குதிக்க மாட்டான். ரெண்டு பேர் சேர்ந்து போட்டாலும் ஒரு பேர்தான். "ரெண்டு பேர் பேரு வந்தா எவனும் பாக்கலன்னு அர்த்தம்டா" என்பார் நைனா. எவன் பேர் வந்ததோ, அவன் பொறுப்பு. மேலே நிற்கிறவன் உயிர் அந்தப் பேரின் கையில்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாழடைந்த அரிசி மில். மூன்று நாள் ஷூட்டிங். நாங்கள் தங்கியது மூணு கிலோமீட்டர் தள்ளி ஒரு லாட்ஜில். தண்ணித்தொட்டி மேலிருந்து நைனா குதிக்க வேண்டும், வில்லனுக்கு டூப். ரெண்டாம் நாள் சாயங்காலமே எடுப்பதாக இருந்தது, பெட்டும் போட்டு வைத்திருந்தோம். வெளிச்சம் போய்விட்டது, நாளைக் காலை என்றுவிட்டார்கள். தம்பி தீனன் நாலு மணி வண்டியிலேயே செங்கல்பட்டு போயிருந்தான். நைனாவின் முட்டிக்கு எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. அந்த எண்ணெய் அங்கே ஒரு வைத்தியசாலையில்தான் கிடைக்கும். நைனா விஷயத்தில் அவன் எப்போதும் அப்படித்தான், ஓடி ஓடிச் செய்வான். நல்ல பேர் வாங்கிக்கொள்வான். நான் ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆகும்வரை மில்லில் இருந்தேன்.

அந்தச் சமயம்தான் நான் பைக் வாங்கியிருந்தேன். எமஹா. கண்ணாடி உடைத்துக்கொண்டு விழுகிற ஷாட்டுகளாகச் செய்து செய்து சேர்த்த காசு. இதோ, இந்தக் கையில் தழும்பு தெரிகிறதா? இது ஹேண்டில்பார், இது சைலன்சர் என்று சொல்லிச் சிரிப்பேன். சிவப்புக் கலர். பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் அப்படி ஒரு மழை, சார். பங்குனி மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. லாட்ஜ் வாசலில் நின்ற வண்டிகள் எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தன. என் பைக்கில் ஒரு சொட்டு படவில்லை. நன்றாகப் போர்த்திக் கட்டியிருந்தேன். புது வண்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்கலாம்.

காலையில் முதல் வண்டியில் நைனாவும் தீனனும் போய்விட்டார்கள். நான் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பைக்கில் மில்லுக்குப் போகும்போது எட்டரை. நல்ல வெயில். கேட்டுக்குள் நுழைந்து, வண்டிக்கு ஸ்டாண்ட் போடுகிறேன். தீனன் குரல் கேட்கிறது.

"பெட் ரெடி! தீனதயாளன்!"

பெட்டி நசுங்குவதற்கு ஒரு சத்தம் உண்டு, சார். வரிசை வரிசையாக, பட பட பட என்று வரும். அந்தச் சத்தம் கேட்டால் எங்களுக்கு மூச்சு வரும். அன்றைக்கு அது மூன்று தடவை வந்தது. அப்புறம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் திரும்பி வந்து அந்த பெட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியாக. நீங்கள் படத்தில் பார்க்கிற போலீஸ் அண்ணனைவிட நன்றாகத் துப்பறிந்தேன். மேலே மூன்று வரிசையும் காய்ந்த பெட்டி. புதுசு. நைனா மேக்கப்புக்கு உட்கார்ந்த நேரத்தில் கடைகடையாக ஓடி வாங்கி வந்திருக்கிறான். கீழே மூன்று வரிசை பழசு. வெளியே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். உள்ளே விரலை விட்டேன், சோறு மாதிரி போயிற்று. பார்த்தீர்களா? அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டி நனைந்தது தெரிந்திருக்கிறது. தெரிந்தும், நைனாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நனைந்ததிலேயே பரவாயில்லாததைக் கீழே அடுக்கி, புதுசை மேலே வைத்து மறைத்து, தன் பேரையும் சொல்லிக் குதிக்க வைத்திருக்கிறான். இது கொலை இல்லாமல் வேறு என்ன?

அவன் எதுவும் பேசவில்லை. குற்றம் இல்லாதவனாக இருந்தால் வாயைத் திறந்திருப்பான் அல்லவா? அந்த ஈர அட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "சொல்றா, ஏன்டா செஞ்ச?" என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் என் பைக்கைப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான்.

சாவு வீட்டில் நான் அழுத அழுகையைச் சாலிகிராமமே பார்த்தது. நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை நான். பாடை தூக்கும்போது தீனன் தோள் கொடுக்க வந்தான். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். "நீ தொடாத. கொன்னவன் தொடக் கூடாது" என்றேன். ஊரே நின்றது. அம்மா நின்றாள். அவன் ஒதுங்கி நின்றான். சுடுகாடு வரைக்கும் நூறடி பின்னால் தனியாக நடந்து வந்தான். காலில் செருப்பு இல்லை. பங்குனி வெயில்.

என்ன, படத்தில் ஏதோ சிரிக்கிறார்களே? ஆ, அந்த மாமா கேரக்டர். சொன்னால் உங்களுக்குச் சுவாரசியம் போய்விடும். இருந்தாலும் சொல்கிறேன், எப்படியும் நீங்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கொலை செய்தது அவர்தான். சாவு வீட்டில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாரே, அவர். நல்ல திருப்பம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

எட்டு வருஷம் கழித்து இந்தப் படம். ரெண்டு ஹீரோவுக்கும் ஒரே உயரத்தில், ஒரே உடம்பில் டூப் வேண்டும். லைனில் தேடினால் நாங்கள் ரெண்டு பேர்தான். மாஸ்டர் என் வீட்டுக்கே வந்தார். முடியாது என்றேன். எனக்கும் வேலை இல்லாத நேரம். அவனுக்கோ சுத்தமாகக் கிடையாது. நைனாவைக் கொன்ற பெட் அவன் பேரில் இருந்ததே, யார் கூப்பிடுவார்கள்? டீக்கடைகளுக்கு கேஸ் சிலிண்டர் போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் சம்மதித்தேன்.

கிளைமாக்ஸில் ஒரு சீன் வரும். இன்னும் வரவில்லை. வரும்போது காட்டுகிறேன். மூணாவது மாடியிலிருந்து அண்ணனும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள். படத்தில் அதுதான் அவர்கள் முதல்முதலாகக் கை பிடிக்கிற இடம். கேமரா பின்னால் இருக்கும். ரெண்டு முதுகுகள், நடுவில் கோர்த்த கை, எதிரே வெட்டவெளி. விழுவதைக் காட்ட மாட்டார்கள். வெட்டிவிட்டு, ஹீரோக்கள் வைக்கோல் போரில் எழுந்து தும்முவதைக் காட்டுவார்கள். சிரிப்பு.

அவன் போட்ட பெட்டில் நான் குதிக்க மாட்டேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவன் காதில் விழுகிற மாதிரியே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அண்ணனையே போடச் சொல்லுங்க மாஸ்டர்" என்றான். நான்தான் போட்டேன். ஆறு வரிசை, ஒவ்வொரு பெட்டியாகத் தடவிப் பார்த்து. பேரை மட்டும் மாஸ்டரின் அசிஸ்டன்ட்டைச் சொல்லச் சொன்னேன். நைனா போன பிறகு நான் பேர் சொல்வதில்லை. ஏனோ வருவதில்லை.

மாடி விளிம்பில் நிற்கிறோம். குதிக்கப் போகிறவன் கீழே எட்டிப் பார்ப்பான், சார். எவனாக இருந்தாலும் பார்ப்பான். நைனாவே பார்ப்பார். தீனன் பார்க்கவில்லை. மாஸ்டர்கூடக் கேட்டார், "பெட்ட ஒரு தடவ பாத்துக்கடா." "எங்கண்ணன் போட்டதுதானே" என்றான்.

அப்புறம் கேமராவுக்காகக் காத்திருந்தோம். கையைக் கோர்த்தாகிவிட்டது. எட்டு வருஷம் கழித்து என் கையில் அவன் கை. நேராகப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னான். "அன்னிக்குப் பெட்டி நனைஞ்சிருக்குன்னு நான் சொல்லியிருந்தா, தார்ப்பா எங்கன்னு நைனா கேட்டிருப்பாரு. உன்ன ராஜமாணிக்கம் அண்ணன் மாதிரி ஆக்கியிருப்பாரு. நீ அப்பதான் வண்டி வாங்கின. மூணு வரிசை போதும்னு நெனச்சிட்டேன்ணா. போதும்னு நெனச்சிட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உயரத்தில் நிற்கும்போது சிலருக்கு இப்படி உளறல் வரும். "ஆக்‌ஷன்" என்றார்கள். குதித்தோம்.

கீழே விழுந்த பிறகும் அவன் கையை விடவில்லை. நான்தான் உதறிக்கொண்டு எழுந்தேன். மறுநாளே சென்னையைக் காலி செய்துவிட்டு பெரம்பலூர் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அவ்வளவுதான் கதை. இப்போது சொல்லுங்கள். மன்னிக்கலாம்தானே?

என்ன கேட்கிறீர்கள்? தார்ப்பாயா?

ஆமாம், முதல்நாள் சாயங்காலம் யாரோ போர்த்தவில்லை. போர்த்தியிருந்தால் ஏன் நனைகிறது? முறையா? அன்றைக்கு... என் முறைதான். ஆனால் நான் அவனிடம் சொல்லிவிட்டேனே. "டேய் சின்னவனே, நான் நைனா தார்ப்பாய எடுத்துக்கறேன், நீ கம்பெனியில வேற ஒண்ணு வாங்கி மூடிடு" என்று. சொன்னேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பைக்கில் உட்கார்ந்து, கிக்கரை உதைத்துக்கொண்டே சொன்னேன். பேக்கப் ஆன பிறகு. கேட்டுக்குப் பக்கத்தில்.

ஆமாம், நைனாவின் தார்ப்பாய்தான். பைக்கைப் போர்த்தியது அதுதான். பச்சை. மூலை பொசுங்கியது. அதனால் என்ன? பெட்டுக்கு எந்தத் தார்ப்பாயாக இருந்தால் என்ன? நான்தான் அவனிடம் சொன்னேனே.

என்ன?

நாலு மணி வண்டியா?

...ஆமாம். நான்தான் சொன்னேன். எண்ணெய் வாங்கப் போனான். நாலு மணி வண்டியில். அவன் லாட்ஜுக்குத் திரும்பி வரும்போது நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

அப்படியானால் கேட்டுக்குப் பக்கத்தில் நான்...

நீங்கள் வாத்தியாரா, சார்? வாத்தியார் மாதிரிதான் இருக்கிறீர்கள். இருபத்தேழு வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், தெரியுமா? யூனியன் ஆபீஸில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன். ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். என் தோளில் கை போட்டார்கள்.

அம்மா மட்டும் சாகிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. என் பைக் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, சார். இப்போது தெரிகிறது. வாட்ச்மேன்கூட இல்லை. மாலை வெயில் பைக் டேங்கில் பட்டுச் சிவப்பாக மின்னியது. தார்ப்பாயைச் சுருட்டிப் பின்சீட்டில் கட்டினேன். ஒருநாள்தானே, மழை எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டேன். சின்னவன் பார்த்துக்கொள்வான் என்று. மனசுக்குள் சொன்னதை வாயால் சொன்னதாகவே வைத்துக்கொண்டுவிட்டேன்.

பார்த்துக்கொண்டான். என் பேரைக் காப்பாற்றக் கடைகடையாக ஓடியிருக்கிறான். மூணு வரிசைக்குத்தான் பெட்டி கிடைத்திருக்கிறது.

கொஞ்சம் தண்ணி இருந்தால் கொடுங்கள்.

இருங்கள், போன். அபிராமி.

"சொல்லும்மா. வந்துக்கிட்டே இருக்கேன். தொழுதூர் எப்பவோ தாண்டிட்டோம்மா, இன்னும் பத்து நிமிஷம்... ஏன் அழுவுற? மெதுவா சொல்லு."

மூச்சு இழுக்கிறதாம், சார். கண் திறக்கவில்லையாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பேசுகிறவர்கள் பேசிவிடுங்கள், காது கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். போனை அவன் காதில் வைக்கிறாளாம். பேசுங்க பெரிப்பா என்கிறாள்.

நான் என்ன பேச? கிளாம்பாக்கத்திலிருந்து சொல்லிப் பார்த்த வார்த்தை இருக்கிறதே, அதையா?

மூச்சு கேட்கிறது, சார். அவன் மூச்சு.

"சின்னவனே."

"டேய், நான்தான்டா. அண்ணன். வேதா."

"அந்தத் தார்ப்பா என்கிட்ட இருந்துச்சுடா. என் பைக் மேல இருந்துச்சு. உனக்கு எல்லாம் தெரியும். எனக்கும் தெரியும்டா. தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

"கேக்குதா? நைனாவுக்குக் கேக்கற மாதிரி சொல்றேன், கேளு. அது உன் பெட் இல்லடா. என்னோடது. அந்த பெட்டு... வேதாசலம். கேட்டுச்சா? வேதாசலம்! வேதாசலம்!"

மன்னியுங்கள். சத்தம் அதிகமாகிவிட்டதா? எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கண்டக்டரே, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. போன்.

"அபிராமி? என்னம்மா? கேட்டானா?"

தெரியவில்லை என்கிறாள், சார். கை விரல் அசைந்த மாதிரி இருந்தது என்கிறாள். இல்லை, ஃபேன் காற்றில் போர்வை அசைந்ததோ என்னவோ, தெரியவில்லை பெரிப்பா, நீங்கள் வாருங்கள் என்கிறாள். வைத்துவிட்டாள்.

பெரம்பலூர் பைபாஸ் வரப்போகிறது. கதவுப் பக்கம் போய் நிற்கிறேன். அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். உள்ளே ஒன்றுமில்லை, ரெண்டு ஆப்பிள். அவனால் சாப்பிட முடியாது. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வாங்கினேன்.

டிவியில் படம் முடியப் போகிறதா? வைக்கோல் போரில் தும்முகிறார்கள். அப்படியானால் அந்த சீன் வந்து போய்விட்டது. நான் போனில் இருக்கும்போது வந்திருக்கும். எங்கே இந்தப் படம் ஓடினாலும் அந்த ஒரு சீனை மட்டும் பார்த்துவிடுவேன். தியேட்டரில், கடை டிவியில், எங்கே ஆனாலும் நின்று பார்த்துவிடுவேன். நானும் அவனும் சேர்ந்து இருக்கிற படம் வேறு எதுவும் என்னிடம் இல்லை. இன்றைக்குத்தான் விட்டுவிட்டேன்.

நீங்கள் பார்த்தீர்களா, சார்? ரெண்டு முதுகு, மாடி விளிம்பில்?

கை பிடித்திருந்தோமா?

சரி, சார். நான் இறங்குகிறேன்.